அரணும் மனையும்

அரண்மனை என்னும் சொல்லை நாளும் வழங்குகின்றவர்கள் அஃது இருசொற் கூட்டு என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அரண் காவலுக்குரியது, மனை வாழ்க்கைக்குரியது. இவ்விரண்டும் ஓரிடத்து அமைவது மன்னனுக்கே வேண்டப்படுவது. குடிமக்களுக்கு மனை போதும். அவர்களுக்கு அரணாய் அமைவன ஊரைச் சூழ்ந்த மதிலும் மன்னனின் படையுமே. இவ்வாறிருக்க, பயிர்செய்து பொருளீட்ட வந்த ஒருவன், தான் உண்டு உறங்கும் வீட்டுக்கே கோபுரம் எழுப்பி, சுவரிலே துவக்கு நீட்டுவதற்குத் துளையும் வைத்துக் கட்டுவானாயின், அவன் யாருக்கு அஞ்சினான் என்ற வினா எழாது போகாது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய யமேக்காவில் இத்தகைய வீடுகளின் இடிபாடுகள் பல இன்றும் நிற்கின்றன. அவை 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிற் கரும்புத் தோட்டத் துரைமார் கட்டியவை. அவற்றைக் காணச் செல்வோர் சுவர்களைச் சற்று உற்றுநோக்குவாராயின், அவ்வினாவுக்குரிய விடையைச் சுவர்களிலேயே கண்டுகொள்ளலாம்.

அவற்றுள் உருவாற் பெரியவற்றுள் ஒன்று கோல்பெக் மாளிகை. செயின்ற் கதரின் என்னும் கோட்டத்தில், தென்கரையை அடுத்த ஓல்ட் ஹாபர் என்னும் ஊருக்கு அண்மையில் அது உள்ளது. தலைநகராகிய கிங்ஸ்ரனிலிருந்து மேற்கே செல்லும் தெரு, பழைய தலைநகராகிய ஸ்பானிஷ் ரவுனைக் கடந்து ஓல்ட் ஹாபரை அடைகின்றது. ஊரின் நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. அங்கிருந்து உள்நாட்டை நோக்கி இரண்டு மூன்று மைல் செல்லவேண்டும். நிலம் சமவெளி, மழை குறைந்த வெளி. முட்பற்றைகளும் வரண்ட புல்லும் காணும்போது யாழ்ப்பாணத்தார்க்கு இவ்விடம் முற்றும் புதியதாகத் தோன்றாது. நிலத்தடியிற் கிடப்பதும் சுண்ணாம்புக் கல்லே. பற்றைகளுக்கு மேலே திடீரெனச் செங்கல் வளைவுகள் தென்படுகின்றன.

அணுகிப் பார்க்கும்போது கட்டடத்தின் அமைப்பு எளிதில் விளங்கும். நீண்ட நாற்கோண வடிவம், மூலைக்கு ஒன்றாக நான்கு சதுரக் கோபுரங்கள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 40 அடி உயரம். கோபுரங்களுக்கு இடையே வளைவுகள் தாங்கிய திறந்த விறாந்தைகள் ஓடின. சுவர்கள் கல்லால் ஆனவை. வாயில்களின் மேலும் சாளரங்களின் மேலும் வளைந்து செல்வது செங்கல். கூரை இல்லை, மாடித் தளங்களும் இல்லை. தளங்களைத் தாங்கிய மரவிட்டங்கள் சொருகப்பட்டிருந்த குழிகள் சுவரிலே வரிசையாக வாய்திறந்து கிடக்கின்றன. உள்ளே நின்று மேலே நோக்குபவர் மூன்று மாடிகளையும் ஒருங்கே ஊடுருவி வானத்தைக் காண்பர். மாளிகையைச் சூழ்ந்த வளவின் நான்கு மூலைகளிலும் தனித்தனியே சிறு கட்டடங்கள் உள. அவை அடிமைகளின் உறைவிடம் என்பது நெடுநாள் வழங்கிவரும் கூற்று. எனினும் மூலைக்கு ஒன்றாக அவற்றை நிறுத்திய முறையை நோக்கும்போது, காவலும் அவற்றின் நோக்கமாயிருந்தது என்று கருத இடமுண்டு.

இம்மாளிகைக்குப் பெயர் தந்தவன் யோன் கோல்பெக் என்னும் படைத்தலைவன். 1630இற் பிறந்த அவன், 1655ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பானியரிடமிருந்து யமேக்காவைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையோடு வந்தவன். வென்ற படைவீரருக்கு நிலம் வழங்குதல் அக்காலத்து வழக்கம். கோல்பெக்கும் பெருநிலம் பெற்றான். குடியியற் பதவிகளும் படைப்பதவிகளும் வகித்து 1682இல் இறந்தான். ஸ்பானிஷ் ரவுன் தேவாலயத்தில் அவனது கல்லறை உள்ளது.

மாளிகையையும் அவனே 1680 அளவிற் கட்டினான் என்று வழிவழியாகக் கூறிவந்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஏற்பதில்லை. கட்டட அமைதியை நோக்கி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது என்பர். பிந்திய கொள்கையே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. 1692ஆம் ஆண்டு யூன் 7ஆந் தேதி நிகழ்ந்த நிலநடுக்கத்தில் போட் றோயல் நகரத்தின் பெரும்பகுதி கடலுள் ஆழ்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன் யமேக்காவில் தங்கியிருந்த மருத்துவர் ஹான்ஸ் சுலோன், ஸ்பானியர் நிலநடுக்கத்துக்கு அஞ்சித் தாழ்ந்த வீடுகள் கட்டினர் என்றும், ஆங்கிலேயரோ தம் நாட்டு வழக்கப்படி உயர்ந்த செங்கல் வீடுகள் கட்டினர் என்றும், அவை வெப்பத்துக்கும் ஒவ்வா, நிலநடுக்கத்துக்கும் நில்லா என்றும் எழுதிவைத்தார். அப்பேரழிவைக் கண்ட மாளிகை மூன்று மாடி உயரத்தோடு இன்றுவரை நின்றிருக்கும் என்பது நம்புதற்கு அரிது. மாளிகை தீக்கிரையாயிற்று என்பது ஊரார் வழக்கு. அது முற்றுறக் கட்டி முடிக்கப்படவே இல்லை என்று கருதுவோரும் உளர்.

காலம் எதுவாயினும், கோபுரம் வைத்தமைக்குக் காரணம் வேண்டுமன்றோ? முதலில் தோன்றும் விடை கடல். தீவை இழந்த ஸ்பானியர் அயலிலே கியூபாவில் இருந்தனர். பிரெஞ்சுக்காரரும் ஹிஸ்பனியோலாத் தீவின் மேற்குப் பகுதியில் இருந்தனர். 1694இல் டுக்காஸ் என்னும் பிரெஞ்சு ஆள்பதி படையோடு வந்து கிழக்குக் கரையிலே தோட்டங்களை எரித்து, சீனி ஆலைகளை உடைத்து, அடிமைகளைக் கவர்ந்து சென்றான். தென்கரையிலும் இறங்கிப் போரிட்டான். ஆகவே கடல்வழிப் பகைக்கு அஞ்சியது வீண் அச்சமன்று.

ஆனால் சுவர்கள் வேறொன்று கூறுகின்றன. பீரங்கியை எதிர்க்கும் கோட்டை எத்தகையது என்பதை அறியத் தூரதேசம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோட்டையை நினைத்துப் பார்த்தல் போதும். 1658இற் போர்த்துக்கேயரிடமிருந்து அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் ஐங்கோண வடிவில் அதனைப் புதுக்கிக் கட்டினர். அதன் மதில் உயரத்தாற் சிறந்ததன்று, அகலத்தாற் சிறந்தது. மதிலின் பின்னே மண் நிரப்பப்பட்டிருக்கும். குண்டு வந்து தாக்கினால் மண் அதனை விழுங்கிவிடும். மூலைக் கொத்தளங்கள் பீரங்கி வைத்துச் சுடுதற்கு ஏற்பப் பரந்தவை. பீரங்கிக் காலத்தில் உயர்ந்த மெல்லிய சுவர் பகைவனுக்கு நல்ல இலக்கேயன்றி வேறன்று. கோல்பெக் மாளிகையின் சுவர்களோ உயர்ந்தவை. மண் அணை பெறாதவை. வளைவுகளாற் பலவிடத்துத் திறந்தவை. கப்பற் பீரங்கி ஒன்று அரைநாளில் அவற்றைச் சாய்த்துவிடும். இதனைப் படைத்தொழில் அறிந்தோர் அறியாதிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. இக்கோபுரங்கள் பீரங்கி இல்லாத பகைவனை எண்ணிக் கட்டப்பட்டவை.

பீரங்கி இல்லாத பகைவர் இருவகையினர். ஒருவகையினர் மலையில் இருந்தனர். மற்றவர் வயலில் இருந்தனர்.

மலையில் இருந்தோர் மரூன்கள். 1655இல் ஸ்பானியர் ஓடியபோது அவர்களுடைய ஆபிரிக்க அடிமைகள் பலர் விடுதலை பெற்று மலைகளுட் புகுந்தனர். பின்னர் ஆங்கிலத் தோட்டங்களிலிருந்து தப்பியோரும் அவர்களோடு சேர்ந்தனர். திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே தெளிந்த நீரையும் வெளிநிலத்தையும் மலையையும் நிழலடர்ந்த காட்டையும் அரணாகக் கூறுகின்றார். யமேக்காவில் இவை மரூன்களிடமே இருந்தன. தீவின் மேற்குப் பகுதியில் சுண்ணக்கற் குன்றுகள் கூம்புகூம்பாக எழுந்து நிற்க, அவற்றுக்கிடையே கிண்ணம் போன்ற பள்ளங்கள் ஆழ்ந்து கிடக்கும் ஒரு நிலப்பரப்பு உண்டு. கொக்பிற் நாடு என்பது அதன் பெயர். ஒருவர் பின் ஒருவராகவே நுழையத்தக்க வழிகளிற் சிவப்புச் சட்டை அணிந்த படைவீரர் சென்றபோது, இலைகளுக்குள் மறைந்திருந்தவர்கள் அவர்களை வீழ்த்தினர். பல ஆண்டுகள் போரிட்டும் வெல்ல இயலாமையால், 1739இல் ஆங்கில அரசு மரூன் தலைவன் குட்ஜோவோடு உடன்படிக்கை செய்தது. மரூன்களுக்கு நிலமும் விடுதலையும் உறுதியாயின. ஆனால் இனித் தப்பிவரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் ஓர் உறுப்பு. விடுதலைக்காகப் போரிட்டவர்களைக் கொண்டே ஏனையோரின் விடுதலையைத் தடுக்க அரசு வழிகண்டது. இவ்வளவு கூர்மையான சூழ்ச்சியை எக்கோபுரமும் செய்ததில்லை.

எனினும் மரூன்களோடு சமாதானம் ஏற்பட்ட பின்னரும் துரைமார் அரண்வீடு கட்டுவதை நிறுத்தவில்லை. வடகரையிலே திரெலோனிக் கோட்டத்தில் உள்ள ஸ்ருவேட் மாளிகை இதற்குச் சான்று. யேம்ஸ் ஸ்ருவேட் என்பவரின் குடும்பத்துக்குரிய அவ்வீடு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உடன்படிக்கைக்குப் பின் எழுந்தது. கோல்பெக்கைக் கண்டவர்கள் அதனையும் காணுதல் நன்று. கோல்பெக்கின் பரந்த வளைவுகளில் ஓரளவு மறைந்து கிடக்கும் அச்சம் அங்கே முகமூடி இன்றி நிற்கின்றது. சுண்ணக்கற் சுவரிலே, சாளரம் இருக்கவேண்டிய இடங்களிற் குறுகிய துளைகள் காணப்படுகின்றன.

பழந்தமிழர் மதிலில் அம்பு எய்வதற்கு அமைத்த துளையை ஏப்புழை என்றனர். ஏ என்பது அம்பு. துவக்குத் துளையும் அவ்வினத்ததே. வெளிப்புறத்தில் அது ஒரு கைவிரற் கடை அளவே அகன்றிருக்கும். உட்புறத்திலோ இருமருங்கும் சரிந்து விரிந்திருக்கும். உள்ளே நிற்பவன் துவக்கை இடமும் வலமும் திருப்பலாம்; வெளியே நிற்பவனுக்குக் குறிபார்க்க ஓர் இருண்ட கோடே தெரியும். அக்காலத்து நெடுந்துவக்கு நூறு யாருக்கு அப்பால் குறி தவறும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டித்துச் சுடுவதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். ஆகவே இத்துளை அண்மையில் வருபவனுக்கு உரியது. கையிற் கரும்புக் கத்தியோ தீப்பந்தமோ கொண்டு கதவை நோக்கி ஓடிவருபவனுக்கு உரியது.

செயின்ற் ஆன் கோட்டத்தில் எடின்பரோ மாளிகை என்னும் மற்றொரு வீடு இருந்தது. அதன் இடிபாட்டில் எதிரெதிர் மூலைகள் இரண்டில் வட்டமான இரு கோபுரங்கள் உள. நான்கு மூலை இருக்க இரண்டே கோபுரம் ஏன் என்று பார்ப்போர் வியப்பர். ஒரு கோபுரத்திலிருந்து அதனைத் தொட்டுச் செல்லும் இரு சுவர்களின் நீளம் முழுவதையும் சுடலாம். எதிர்மூலைக் கோபுரம் ஏனைய இரு சுவர்களையும் காக்கும். செலவு பாதி, காவல் முழுமை. ஸ்கொத்லாந்திலே 16ஆம் நூற்றாண்டில் அயற்குடிகளோடு ஓயாது பகைத்து வாழ்ந்த பெருமக்கள் கையாண்ட முறை இது. யமேக்காவுக்கு வந்த ஸ்கொத்லாந்தியர் அதனையும் மறவாது கொண்டு வந்தனர். எடின்பரோ மாளிகையின் தலைவனாகிய லூயிஸ் ஹச்சின்சன், அவ்வழியே சென்ற வழிப்போக்கரைச் சுட்டுக் கொன்றான் என்பதற்காக 1773இல் தூக்கிலிடப்பட்டான். அவன் வரையில், துளையின் உள்ளே நின்றவனே அஞ்சத்தக்கவனாயினான்.

இனி, வயலில் இருந்தோரைக் கருதுவோம். 1740 அளவில் யமேக்காவில் வெள்ளையர் ஏறத்தாழ 10,000 பேர். ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும் 100,000 பேருக்கு மேல். ஒருவருக்குப் பத்துப்பேர். தோட்டங்களிலோ இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. இருநூறு அடிமைகள் உழைக்கும் தோட்டத்தில் நாலைந்து வெள்ளையரே இருந்திருப்பர். இன்னின்ன தொகை அடிமைகளுக்கு இத்துணை வெள்ளை ஆடவர் தோட்டத்தில் இருத்தல்வேண்டும், இல்லையேல் தண்டம் கட்டவேண்டும் என்று தீவின் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. துரைமார் ஆளைத் தேடுவதைவிடத் தண்டத்தைக் கட்டுவது எளிது எனக் கண்டனர். நாளடைவில் அஃது அரசிறை வருவாய்களுள் ஒன்றாயிற்று. உயிருக்கு அஞ்சி இயற்றிய சட்டம் பணப்பெட்டிக்கு நீர் வார்த்தது என்க.

கரும்பு வெட்டியவுடன் ஆலையில் இடப்படவேண்டும். பிந்தினாற் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலையும் காய்ச்சுசாலையும் இரவும் பகலும் ஓயாது இயங்கின. உறக்கமின்றி உருளைகளுக்குக் கரும்பு ஊட்டியவர்களின் கை சிலவேளை உருளைக்குட் சிக்கும். உடனே கையை வெட்டிவிடுவதற்கென ஒரு கோடரி அருகே வைக்கப்பட்டிருந்த ஆலைகளும் இருந்தன. மாளிகையிலே ஒளிவீசிய வெள்ளிப் பாத்திரங்களும் சீமைத் தளபாடமும் அங்கிருந்து வந்த பொருளால் வந்தவை.

இவ்விடத்து அரண்வீட்டின் பெருங்குறை ஒன்று புலப்படும். எல்லாத் துளைகளும் வெளியே நோக்குகின்றன. ஆனால் மாளிகைக்குள்ளே சமைத்தவர் யார்? துரையின் குழந்தைக்குப் பால் கொடுத்தவர் யார்? இரவிலே கதவடைத்து விளக்கணைத்தவர் யார்? அனைவரும் அடிமைகளே. வயலில் இருந்தவரின் தாயும் தங்கையும் மகளும் அவர்கள். 1760ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் செயின்ற் மேரிக் கோட்டத்தில் ரக்கி என்பவன் தலைமையில் அடிமைகள் எழுந்தனர்; போட் மரியாவில் இருந்த சிறு கோட்டையில் நுழைந்து துவக்குகளையும் வெடிமருந்தையும் கவர்ந்தனர்; தோட்டம் தோட்டமாகச் சென்றனர். எழுச்சி ஏனைய கோட்டங்களுக்கும் பரவி, ஏறத்தாழ 60 வெள்ளையர் மாண்டனர். அடக்குமுறையில் இறந்த அடிமைகள் பல நூற்றுவர். ரக்கியைச் சுட்டு வீழ்த்தியவன், உடன்படிக்கையின்படி அரசுக்குத் துணைவந்த மரூன் ஒருவன். அவ்வாண்டிலேயே ஒபியா என்னும் ஆபிரிக்க மந்திர வழக்கத்தைச் சட்டசபை தடைசெய்தது. மந்திரத்தோடு மருந்தும் நஞ்சும் பற்றிய அச்சமும் அச்சட்டத்திற் கலந்திருந்தது. சோற்றுத் தட்டில் வரும் பகைக்கு எந்தச் சுவரும் தடையாகாது.

அதன்பின் எழுபது ஆண்டுகள் கழித்து வந்த பேரெழுச்சியில் அரண்வீடுகள் பயன்பட்டனவா? 1831ஆம் ஆண்டு திசம்பர் 27ஆந் தேதி இரவு செயின்ற் யேம்ஸ் கோட்டத்துக் கென்சிங்ரன் தோட்டம் எரிந்தது. அத்தீயே அடையாளமாயிற்று, குன்றுக்குக் குன்று தீ எழுந்தது. அவ்வெழுச்சியின் தலைவன் சாமுவேல் சார்ப் என்பவன், எழுத்தறிந்தவன், பப்ரிஸ்த் சபையில் தொண்டு புரிந்தவன். நத்தார் விடுமுறை கழிந்தபின் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்பதே அவன் முதலில் வகுத்த திட்டம். வேலைநிறுத்தமாகத் தொடங்க எண்ணியது தீயாக மூண்டது. கொல்லப்பட்ட வெள்ளையர் ஏறத்தாழ 14 பேர். தண்டனையாகக் கொல்லப்பட்ட அடிமைகள் 300க்கு மேற்பட்டோர். சார்ப் 1832 மே 23இல் மொன்ரேகோ பேயில் தூக்கிலிடப்பட்டான். அக்காலத்தில் தோட்ட உரிமையாளர் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தனர். அவர்களின் வீடுகளில் முகவரும் மேற்பார்வையாளருமே இருந்தனர். எரியும் கரும்புக் காட்டின் நடுவே துளை வைத்த சுவரால் ஆகக்கூடியது யாதும் இல்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1834 ஓகஸ்ற் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. பயிற்சியாளர் என்னும் பெயரில் நீடித்த அரை அடிமைத்தனம் 1838 ஓகஸ்ற் 1இல் நீங்கியது. அடிமைகளை இழந்தோர்க்கு ஈடாக 2 கோடி பவுண் வழங்கப்பட்டது. அடிமையாயிருந்தோர்க்கு ஒரு சல்லியும் வழங்கப்படவில்லை.

இடிபாடுகளைக் காண்போர் பெரும்பாலும் கல்லையே காண்கின்றனர். கல்லாற் கட்டும் வசதி ஒருவனுக்கே இருந்தது. மாளிகையின் நிழலுக்கு அப்பால் நூற்றுக்கணக்கானோர் மரத்தாலும் வரிச்சாலும் மண்ணாலும் கட்டிய குடிசைகளில் வாழ்ந்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்றும் நிற்கவில்லை. ஸ்ருவேட் மாளிகையின் அயலில் இருந்த அடிமைக் குடியிருப்பைத் தொல்பொருளாய்வாளர் 2007இல் ஆராய்ந்தனர். அவர்கள் சுவர்களைத் தேடவில்லை. நிலத்தை ஒழுங்கான இடைவெளிகளாக வகுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மண்வெட்டி அகலத்துக்குச் சிறு குழி தோண்டி, மண்ணைச் சலித்துப் பார்த்தனர். உடைந்த பீங்கான் ஓடுகள், புகைக்குழாய்த் துண்டுகள், ஆணிகள் என்பன எங்கே செறிந்து கிடக்கின்றனவோ அங்கே ஒரு வீடும் முற்றமும் இருந்தன என்று கொள்வது அம்முறை. துளை வைத்த சுவரைப் படிப்பதினும் இஃது அரிய படிப்பு. மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோர், கால்வைத்து நடக்கும் புற்றரையையும் ஒருகணம் நோக்குதல் தகும்.

அடிமை முறை ஒழிந்தபின் தோட்டத்துரைமார் வேறு ஆட்களைத் தேடினர். முதலீட்டாளர் வேறு நிலங்களைத் தேடினர். இவ்விரு தேட்டங்களும் தமிழரோடு தொடர்புடையன.

ரொபேட் பொயிட் ரைட்லர் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர் யமேக்காவிற் கோப்பிச் செய்கையைக் கற்று, 1837இல் இலங்கைக்கு வந்து, மேற்கிந்திய முறையை மலைநாட்டிற் புகுத்தினார். அக்காலத்து இலங்கைக் கோப்பித் துரைமார் கைந்நூலாகக் கொண்டது லபோரி என்பவர் எழுதிய நூல். லபோரி, இக்காலத்து ஹெயிற்றியாகிய சான் டொமிங்கோவில் அடிமைகள் எழுந்தபோது தோட்டத்தை இழந்து யமேக்காவுக்கு ஓடிவந்த பிரெஞ்சுக்காரர். 1798இல் இலண்டனில் அச்சேறிய அந்நூல் பின்னர்க் கொழும்பிலும் மறுபதிப்பாயிற்று. தோட்டத்தை நடத்தும் முறை இவ்வாறு மேற்கிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. ஆனால் வீடு கட்டும் முறை வரவில்லை. கண்டி, மாத்தளை மலைகளிலே துரைமார் கட்டிய பங்களாக்களில் அகன்ற விறாந்தையும் பூந்தோட்டமும் உண்டு; கோபுரமும் துளையும் இல்லை.

இதற்குக் காரணம் இலங்கைத் துரைமாரின் நன்மனம் என்று கொள்ளுதல் வரலாற்றுக்கு ஏலாது. சட்டத்தின்படி இங்கு வேலை செய்தவன் அடிமையல்லன் என்பது மெய், அவ்வேறுபாடு பெரிது. ஆயினும் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்வழி நடந்துவந்து, வழியிலே நோயாலும் பசியாலும் பலரை இழந்து, மலையேறிய தமிழ்த் தொழிலாளி, வந்துசேருமுன்பே கங்காணியிடம் கடன்பட்டிருந்தான். பின்னாளில் துண்டு முறை வந்தது. கடன் தீர்ந்தால் அல்லது புதிய துரை அதனை ஏற்றால் அன்றி ஒரு தோட்டத்தவன் மற்றொரு தோட்டத்தில் வேலை பெறுதல் இயலாது. கையிலே துண்டு வேண்டும். இது 1921இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. யமேக்காத் துரை சுவரிலே துவக்கு வைத்துக் காத்ததை, இலங்கைத் துரை பெட்டகத்திலே கணக்குப் புத்தகம் வைத்துக் காத்தான். கல்லும் சாந்தும் இன்றிக் கட்டிய அவ்வரணுக்கு இடிபாடு கிடையாது. ஆகவே காணச் செல்வாரும் இலர்.

மற்றொரு தேட்டத்தின் தடம் கோல்பெக்கின் அயலிலேயே உள்ளது. ஓல்ட் ஹாபர் ஊரிலிருந்து தெற்கே மூன்று மைல் அளவிற் சென்றால் கடற்கரை வரும். ஓல்ட் ஹாபர் பே என்னும் அவ்விடம் இன்று மீனவர் வாழும் துறை. 1845ஆம் ஆண்டு மே 10ஆந் தேதி, கல்கத்தாவிலிருந்து வந்த புளண்டல் என்னும் கப்பல் அங்கே நங்கூரமிட்டது. அதில் இருந்தோர் ஏறத்தாழ 260 இந்தியர். யமேக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதற் கூட்டத்தினர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்தோரிற் சிலர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். 1917இல் இம்முறை முடிவுறும்வரை யமேக்காவுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 36,000 பேர்.

கோல்பெக் வந்த ஆங்கிலப் படை யமேக்காவில் இறங்கிய நாளாகச் சொல்லப்படுவதும் மே 10 என்பது ஒரு விந்தையான பொருத்தம். 1655இல் இங்கிலாந்து பழைய யூலியன் பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டிருந்தமையால், கணித்துப் பார்ப்போர்க்கு இரண்டும் ஒருநாள் ஆகா. பத்து நாள் வேறுபாடு உண்டு. எனினும் கல்லறையில் வெட்டிய தேதியும் கப்பலின் தேதியும் எழுத்தளவில் ஒன்றே. 1995இல் யமேக்கா அரசு மே 10ஐ இந்திய மரபுரிமை நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் அங்குள்ள இந்திய வழித்தோன்றல்கள் முன்னோரின் வருகையை நினைவுகூர்கின்றனர். கப்பல் இறங்கிய துறையிலிருந்து கோல்பெக் மாளிகை ஐந்தாறு மைல் தூரமே.